பயிற்சிக்கு மண்டபம் வேண்டாம், வயல் போதும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விவசாயப் பயிற்சிகளுக்குத் திட்டம் போடும் அலுவலர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

அடுத்த வருடப் பயிற்சிப் பட்டியலை எழுத உட்காரும் முன் எங்கள் பக்கத்து வேண்டுகோள் ஒன்றையும் கேளுங்கள். இயற்கை விவசாயம் என்ற தலைப்பில் ஒதுக்கும் காசை மண்டபத்தில் செலவழிக்காதீர்கள். அதே காசில் எங்களை இன்னொரு விவசாயியின் வயலுக்கு அனுப்புங்கள். போய் நின்று பார்த்து, கேட்டு, தேவைப்பட்டால் வாக்குவாதப்பட்டுவிட்டு வருகிறோம்.

மண்டபப் பயிற்சி எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை ஒன்பது மணி என்று அறிவித்து பத்தரைக்குத் தொடங்குவார்கள். ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு தொப்பி. திரையில் மண்புழுவின் படம். மதியம் சோற்றுப் பார்சல், அப்புறம் பதாகைக்கு முன்னால் நின்று ஒரு படம். வந்து பேசுகிறவர் நன்றாகவே பேசுவார், அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொல்லும் ஜீவாமிர்தக் கணக்கு, அதாவது சாணமும் சலமும் புளிக்கவைத்து மண்ணுக்கு விடும் கரைசலின் கணக்கு, எங்கள் பிள்ளைகளின் கைபேசியிலேயே கிடக்கிறது. ஏக்கருக்கு 200 லீற்றர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லீற்றர் மாட்டுச் சலம், 2 கிலோ சர்க்கரை (வெல்லம்), 2 கிலோ பயறு மா, வரம்பு மண் ஒரு பிடி. இந்தியாவில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் பேசியதும் நம்மாழ்வார் பேசியதும் காசில்லாமல் கேட்கலாம். செய்முறை தெரியாமல் இங்கே யாரும் தயங்கி நிற்கவில்லை.

நாங்கள் தடுக்கி நிற்கும் இடம் வேறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் பெரும்போகம் (மாரி மழை வேளாண்மை) விதைத்த பிறகு ஊரில் மாடு இருப்பது அரிது. பயிரில் வாய் வைத்துவிடும் என்று மாட்டுப் பட்டிகளை மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். (அந்த மேய்ச்சல் தரையில் பட்டிக்காரர் படும் பாடு தனிக் கடிதத்துக்கு உரியது.) அறுவடை முடிந்து மாடுகள் திரும்பி வந்து ஒட்டில் (அறுத்த தாளில்) மேயும் மாதங்களில்தான் ஊரில் சாணம் மலிந்து கிடக்கும். பயிர் அதைக் கேட்பதோ மார்கழியில். இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்று பயிற்சித் தாள் எதிலும் நான் காணவில்லை. தாள் எழுதியவரின் கொட்டிலில் வருடம் முழுக்க மாடு நிற்கிறது போலும்.

எனக்கு இதற்கு விடை கிடைத்தது வெல்லாவெளிப் பக்கத்து வாடி (வயல் குடில்) ஒன்றில். அந்த ஐயா கோடையில் தன் மானாவாரி வயலுக்குள்ளேயே பட்டியை இடம் மாற்றி மாற்றி அடைப்பிக்கிறார். பட்டிக்காரருக்குச் சில வருடம் நெல், சில வருடம் காசு. அள்ளிய சாணத்தில் ஒரு பங்கைச் சர்க்கரையும் பயறு மாவும் சலமும் சேர்த்துப் பிசைந்து, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி வாடிப் பரணில் ஏற்றி வைக்கிறார். கன ஜீவாமிர்தம் என்று புத்தகங்களில் வருவது அதுதான். "மழைக்கு முந்தி உள்ளுக்க ஏத்திரணும் மனே, நனைஞ்சா பிறகு ஒண்டுக்கும் ஆகாது" என்றார். எந்தச் சாக்கு, பரண் எவ்வளவு உயரம், சாக்குக்கு அடியில் என்ன விரித்திருக்கிறார் என்பதெல்லாம் கண்ணால் கண்ட பிறகுதான் எங்களுக்கு ஏறியது. பட்டிக்காரரோடு எப்படிப் பேசி முடிப்பது என்ற கதை மட்டும் இரண்டு தரம் தேநீர் குடித்து முடியும் வரை நீண்டது. எங்களோடு வந்த ஒருவர் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பட்டிக்காரரைத் தேடிப் போனார்.

வைக்கோல் சங்கதியும் இப்படித்தான். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 80 வீதம் வைக்கோலில் நின்றுவிடுகிறது. வெட்டு மெசின் அதை வயலில் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும், நாங்கள் அதற்கு நெருப்பு வைப்போம். "எரிக்காதீர்கள்" என்று நீங்கள் சொல்லிச் சொல்லிக் களைத்திருப்பீர்கள். ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? விதைப்புக்குக் கிட்டிய நாளில் வைக்கோலைப் போட்டு உழுதால், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைதரசனைத் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாக நிற்கும். ஒரு முறை அப்படிக் கண்டவன் மறுமுறை நெருப்புப் பெட்டியைத்தான் தேடுவான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வயலில் இதற்கு வழி கண்டோம். அறுவடை முடிந்த கையோடு வைக்கோலைக் கையால் பரவி விடுகிறார்கள், மாடு தின்றது போக மிச்சத்தை முதல் மழைக்கு உழுது புரட்டி, விதைப்புக்குச் சில கிழமைகள் இடைவெளி விடுகிறார்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் பரவுவதற்கு எத்தனை ஆள் கூலி போகிறது, மெசின்காரரிடம் என்ன சொன்னால் வரிசையைக் கொஞ்சம் அகலமாக விழுத்துவார், மழை பிந்தினால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அதைச் செய்கிறவரிடம்தான் பதில் இருக்கிறது.

களைதான் பெரிய தலையிடி. நம்மாழ்வாரின் கூட்டத்தார் சொல்லும் ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டு ஆற்றுப் படுகைக்குச் சரி. எங்கள் பக்கம் பெரும்பாலும் நேரே விதைப்புத்தான், அதுவும் பரந்த வட்டைகளில் (வயல்வெளிகளில்). வரிசையே இல்லாத வயலில் களைக்கருவியை எங்கே உருட்டுவது? எண்ணெய் (களைகொல்லி) அடிக்காமல் கோழிச்சூடன் புல்லையும் களைநெல்லையும் அடக்கி வைத்திருப்பவர்கள், முதல் நனைவில் புல்லை முளைக்கவிட்டு உழுது, மறுபடி முளைக்கவிட்டு உழுது, அப்புறம்தான் விதைக்கிறார்கள். அதற்கு நாள் வேண்டும், தண்ணீர் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், எப்போது விதைத்து முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்துவிடுகிறார்கள். உன்னிச்சைக் குளத்தின் கீழோ நவகிரிக் குளத்தின் கீழோ தனி ஒருவர் "எனக்கு மட்டும் முன்கூட்டித் தண்ணீர் தாருங்கள்" என்று கேட்க முடியாது.

ஆகவே, ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலிருந்தும் ஒருவர் என்று ஆள் பொறுக்கும் வழக்கத்தை விடுங்கள். நாற்பது ஊரிலிருந்து நாற்பது பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், நாற்பது ஊரிலும் தனி ஆளாக நின்று கிண்டல் வாங்குவதுதான் மிச்சம். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பேரைச் சேர்த்து அனுப்புங்கள், தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வரும்போதே ஆரம்பக் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அவர்கள் பேசி முடித்திருப்பார்கள்.

வயலில் கற்பது உங்களுக்கும் புதிதல்ல. இந்தோனேசியாவில் கண்டபடி பூச்சிகொல்லி அடித்துச் சிலந்திகளெல்லாம் செத்து, கபில நிறத் தத்தி, அதாவது எங்கள் அறக்கொட்டி, பெருகியது. 1986 இல் அந்த நாட்டு அரசு 57 பூச்சிகொல்லி வகைகளை நெல்லுக்குப் பாவிக்கத் தடை விதித்தது. 1989 இலிருந்து உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு விவசாயிகள் சிறு குழுவாகக் கிழமைக்கு ஒரு தரம் வயலில் கூடி, நெல் அடியில் குனிந்து, சிலந்தி எத்தனை, தத்தி எத்தனை என்று எண்ணிக் கற்கும் வயற் பள்ளிகள் தொடங்கின. 1990களில் அது இலங்கைக்கும் வந்தது. அதில் வேலை செய்து ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர்கள் இன்றும் நம்மிடையே இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தெளிகருவியைத் தோளில் மாட்டுமுன் குனிந்து பார்க்கிற ஒரு பழக்கம் வந்தாலே பாதிச் செலவு குறையும் என்பது என் எண்ணம்.

2021 ஐப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. பயிர் மஞ்சளாகி நின்றதை நீங்களும் கண்டீர்கள். அந்தச் சில மாதங்களில் சுற்றறிக்கைகள் வந்தன, கூட்டங்கள் வந்தன, திரவப் பசளைப் போத்தல்கள் வந்தன. தடைக்கு வெகு காலம் முந்தியே இரசாயனப் பசளை இல்லாமல் வேளாண்மை செய்துகொண்டிருந்தவர்கள் இரு மாவட்டத்திலும் ஆங்காங்கே இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள் என்று எங்களை யாரும் அனுப்பவில்லை. போயிருந்தால் முதலில் சொல்லியிருப்பார்கள்: "ஒரு போகத்தில மாறேலாது, கால் ஏக்கரில தொடங்குங்க."

அந்த அனுபவத்தால் இப்போது 'சேதனம்' (இயற்கைப் பசளை) என்ற பேச்சு எடுத்தாலே ஆட்கள் எழும்பிப் போகிறார்கள். திரும்பவும் பசளையை நிறுத்தப் போகிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்: யூரியாவை விடச் சொல்லி யாரும் வரவில்லை, பார்த்துவிட்டு அவரவர் முடிவு செய்யலாம். போகிற இடத்தில் முழுக்க விட்டவரும் இருக்கட்டும், பாதியாகக் குறைத்தவரும் இருக்கட்டும், விட்டுப் பார்த்து நட்டப்பட்டுத் திரும்பியவரும் இருக்கட்டும். நட்டப்பட்டவரிடம் கற்பதற்கு அதிகம் உண்டு, ஆனால் அவரை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை.

எங்கே அனுப்புவது? யாழ்ப்பாணத்துக்கும் நுவரெலியாவுக்கும் பேருந்து போட வேண்டாம். நுவரெலியா பார்க்க எங்களுக்கும் ஆசைதான், ஆனால் அதைச் சுற்றுலா என்ற கணக்கில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் சரிவருவது களுதாவளை மணலில் சரிவராது. களுதாவளையில் மிளகாயும் கத்தரியும் போடுகிறவர்களுக்குத் திருக்கோவில், தம்பிலுவில் கரையோர மணலில் தோட்டம் செய்கிறவர்கள்தான் ஆசிரியர்கள். வாவியோரம் உப்பு ஏறும் வயல்காரர் அதே போன்ற உப்பு வயல்காரரிடம்தான் போக வேண்டும். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு சிக்கல். கல்லோயாத் தண்ணீர் மேல் வயல்களில் பாய்ந்து வடிந்து அவர்களிடம் வருகிறது. மேலே அடித்த எண்ணெய் கீழேயும் வரும். அவர்கள் மேல் வயல்கள் உள்ள உகனப் பக்கம் போய் அந்தச் சிங்கள விவசாயிகளோடு வரம்பில் நின்று பேசாமல் தங்கள் வயலை மட்டும் சுத்தமாக வைத்திருக்க முடியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை, விவசாயமும் தெரிந்தவராகப் பார்த்து, கூட அனுப்புங்கள்.

பெண்களை மறக்க வேண்டாம். வீட்டுத்தோட்டத்தில் கஞ்சியும் புளித்த மோரும் மீன் அமிலமும் வைத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அவர்கள், பயணப் பட்டியலில் பெயர் இருப்பது கணவனுக்கு. தூரம் குறைவாக இருந்து, பள்ளி விட்டுப் பிள்ளை வரும் நேரத்துக்கு முன் திரும்ப முடிந்தால் அவர்கள் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எங்களுடையதைவிடக் கூர்மையானவை. விலையில்தான் தொடங்குவார்கள்.

வயல்காரரின் பக்கத்தையும் யோசியுங்கள். நாற்பது பேர் வந்து இறங்கினால் வரம்பு உடையும், அன்றைய வேலை கெடும், வீட்டில் தேங்காய்ப்பூச் சம்பலுக்கும் தேநீருக்கும் ஓடித் திரிவார்கள். திரும்பிப் போகும்போது விதை நெல்லும் ஆளுக்கொரு கைப்பிடி கேட்பார்கள். இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். மண்டபத்தில் பேசுகிறவருக்கு விரிவுரைக் கட்டணம் உண்டென்றால், இவருக்கு ஏன் இல்லை? ஆந்திராவில் 2016 இலிருந்து அரசே நடத்தும் இயற்கை விவசாயத் திட்டத்தில், நன்றாகச் செய்துகாட்டும் விவசாயிகளையே பயிற்றுநர்களாக எடுத்து ஊதியமும் கொடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய திட்டம் நமக்கு வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போகாமல், அரை நாளுக்கு ஒரு கூலியும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தால் போதும்.

எப்போது போவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். அறுவடை விழாவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கதிர் சாய்ந்த பொன் வயலைப் பார்த்து யாரும் எதையும் கற்றதில்லை. "வெட்டுக்கு வந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இரிக்கும், புல்லு முளைக்கக்குள்ள வாங்க" என்றார் அந்த வெல்லாவெளி ஐயா. விதைத்த சில கிழமைகளில் ஒரு தரம், களையும் பூச்சியும் கூடும் நேரத்தில் ஒரு தரம், வெட்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போது ஒரு தரம். அதே பத்துப் பேர், அதே வயல். கடைசித் தரம் வயல்காரரின் செலவுக் கொப்பியை விரித்து வைத்து, கூலி எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை மூடை, யார் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். அவர் காட்டச் சம்மதித்தால்தான் அவரைத் தெரிவு செய்யுங்கள்.

அலுவலர்களும் வாருங்கள், பேச்சாளராக இல்லாமல் கேட்கிறவராக. படம் எடுத்து அறிக்கையில் போட வேண்டியது உங்கள் வேலை, அது புரிகிறது. எடுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும். பதாகை மட்டும் வேண்டாம், காற்றுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே இரண்டு பேர் தேவைப்படுகிறது.

தொடங்குவதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும், ஆட்கள் வந்து பார்க்கச் சம்மதிக்கும் வயல்கள், தோட்டங்களின் பட்டியல் ஒன்றை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். என்ன மண், என்ன பயிர், எந்த மாதம் வரலாம் என்று மூன்று விவரம் போதும். எங்கள் வயலையும் அதில் சேர்க்கலாம். களி மண், நெல் இனத்தில் ஆட்டக்காரி கொஞ்சமும் ஏ.டி. 362 மிச்சமும். மார்கழியில் வாருங்கள், ஆனால் மழை பெய்தால் பிரதான வீதிக்கு அப்பால் வாகனம் வராது, முன்கூட்டிச் சொன்னால் உழவு இயந்திரத்தோடு சந்தியில் ஆள் நிற்கும்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவர்