அக்டோபர் 2 பேச்சுப்போட்டி: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

சர்வதேச அகிம்சை தினமான அக்டோபர் 2 அன்று பள்ளி விடுமுறை. எனவே பேச்சுப்போட்டியும் சார்ட் கண்காட்சியும் அக்டோபர் 1 அன்றே நடைபெறும். ஒருவருக்கு மூன்று நிமிடம். வீட்டில் பிள்ளைகளுக்கு உதவும்போது சில விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காந்தி ஜெயந்தியை நாம் பல்லாண்டுகளாகக் கொண்டாடி வருகிறோம். ஆனால் அது உலக நாளானது அண்மையில்தான். விதை போட்டவர் பாரிஸில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தி கற்பித்த ஓர் ஆசிரியர். (எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்!) அந்த யோசனையை 2004 ஜனவரியில் மும்பையில் கூடிய உலக சமூக மாமன்றத்துக்குக் கொண்டுவந்தவர், நோபல் பரிசு பெற்ற ஈரானிய வழக்கறிஞர் ஷிரின் எபாடி. 1906-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய சத்தியாகிரகத்தின் நூற்றாண்டையொட்டி, 2007 ஜனவரி இறுதியில் புதுதில்லியில் மாநாடு நடந்தது. அங்கே சோனியா காந்தியும் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவும் ஐ.நா.வுக்குக் கோரிக்கை வைத்தார்கள். அதன்பின் இந்தியா கொண்டுவந்த தீர்மானத்தை 140 நாடுகள் சேர்ந்து முன்மொழிய, 2007 ஜூன் 15 அன்று பொதுச் சபை வாக்கெடுப்பின்றி ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 2-இல் முதல் அனுசரிப்பு. கல்வி வழியாகவும் இச்செய்தியைப் பரப்பச் சொல்கிறது அத்தீர்மானம். நம் நிகழ்ச்சிக்கு அடிப்படையே அந்த வரிதான்.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: செப்டம்பர் 21 உலக அமைதி நாள், ஜனவரி 30 தியாகிகள் நாள், இரண்டும் வேறு. அகிம்சை தினத்தை அறிவித்தது ஐ.நா. பொதுச் சபை, பொதுச்செயலாளர் அல்ல. காந்திக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை, பரிந்துரைக்கப்பட்டதோடு சரி. குழாய் முடிச்சிட்ட துப்பாக்கிப் படத்தை நாளின் சின்னம் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் ரியூட்டர்ஸ்வார்ட், பாடகர் ஜான் லெனன் 1980-இல் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து உருவாக்கிய சிற்பம். 1988-இல் லக்சம்பர்க் அதை ஐ.நா.வுக்கு அன்பளித்தது. படம் வரையலாம், விளக்கம் சரியாக இருக்கட்டும்.

காமராஜர் மறைந்ததும் (1975) அக்டோபர் 2-இல்தான். அவரைப் பற்றி எழுத விரும்புவோர் தனி சார்ட்டில் எழுதட்டும். ஒன்றில் இருவரையும் அடைத்தால் எழுத்து சுருங்கி, பின்வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

உரையைப் பிள்ளைகளே எழுதட்டும். தேதிகளை மட்டும் நீங்கள் பாருங்கள். சார்ட்டுகளை செப்டம்பர் 28-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்