ஒத்தைச் செருப்பு

அன்புள்ள சுமதிக்கு,

போன வாரம் மாவு மில்லுக்குப் போகும்போது இடது கால் செருப்பு வழியிலேயே கழன்றிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. மில்காரப் பையன்தான், "என்னம்மா, ஒத்தைச் செருப்போட வந்திருக்கீங்க?" என்றான். குனிந்து பார்த்தால் பாதமெல்லாம் தார்.

டாக்டர், புற்றுக்குப் போட்ட வின்கிரிஸ்டின் ஊசியால் வந்த மரமரப்பு, கால் விரலில்தான் முதலில் தொடங்கும், போகப்போகக் குறையும் என்றார். ஏன் கால் விரலில் என்று கேட்கவில்லை. வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன் பழைய வாய்ஸ் மெசேஜைத் தேடிக் கேட்டேன். உடம்பிலுள்ள செல்லுக்குள் புரதம் எப்படி நகர்கிறது என்று நீ விளக்கியது. அன்றைக்கு 'உம்' கொட்டினேனே தவிர, அடுப்பில் பால் இருந்தது.

இப்போதுதான் புரிகிறது. முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் நரம்பு செல்லின் வால் கால் விரல் வரை நீள்கிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். புரதம் பெரும்பாலும் மேலேதான் தயாராகிறது. தானாக மிதந்து கீழே வர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்கிறாய்! அதனால்தான் 25 நானோமீட்டர் தடிமனில் மைக்ரோடியூபுல் என்ற தண்டவாளம். அதன் மேல் கைனசின் என்ற சுமைகூலிப் புரதம் மூட்டை சுமந்து நடக்கிறது. ஒரு எட்டுக்கு 8 நானோமீட்டர், ஒவ்வொரு எட்டு வைக்கவும் செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்று செலவு. அவசரச் சரக்கு ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் வரை போகும், அதாவது இரண்டரை நாளில் விரல் நுனி. திரும்பி வரும் சரக்கு, டைனின் என்ற இன்னொரு புரதத்தின் பொறுப்பு. கைனசினை 1985-ல் கணவாயின் நரம்புத் திசுவில் கண்டுபிடித்தார்கள் என்றதும் அப்பா, "நாம வறுத்துத் தின்னுட்டோமே" என்றார்.

வின்கிரிஸ்டின் அந்தத் தண்டவாளத்தைக் கட்டவிடாது. செல் இரண்டாகப் பிரியவும் அதே தண்டவாளம்தான் வேண்டும், அதனால் புற்று சாகிறது. நரம்பு பிரிவதில்லை, ஆனால் அதன் சரக்குப் போக்குவரத்தும் அடிபடுகிறது. எந்த வழி நீளமோ அங்கேதான் முதல் தட்டுப்பாடு.

அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருவதாம். சுடுகாட்டுப் பூ என்று உன் பாட்டி பிடுங்கிப் போடுவாளே, அதேதான். இப்போது காம்பவுண்டு ஓரம் தானாக முளைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறேன்.

பின்பட்டை வைத்த செருப்பு வாங்கிவிட்டேன், கவலைப்படாதே. ஒரு சந்தேகம் மட்டும். மூட்டையை இறக்கிவைத்த கைனசின் அப்புறம் என்ன ஆகும்? வெறுங்கையோடு திரும்பி நடக்குமா, டைனின் அதையும் தூக்கிக்கொண்டு வருமா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். பாலை முன்னாடியே காய்ச்சி இறக்கிவிடுகிறேன்.

அம்மா