ஹாம் வானொலிச் சங்கம் (உரிமம் பெற்றுச் சொந்த வானொலிக் கருவியில் பேசும் ஆர்வலர்கள்), திருச்சி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது; அக்டோபர் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. ஞாயிறு காலை நெட், அதாவது வானொலியிலேயே நாம் கூடிப் பேசுவது, ஒரு வாரம்கூட விடுபடவில்லை. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரின் கேபிளை அணில் இரண்டு முறை கடித்தது. இரண்டு முறையும் மாற்றினோம்.

மற்றபடி இந்த ஆண்டின் நேரமும் காசும் பள்ளிகளுக்கே போயின. 1924 ஜூலை 31 அன்று சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் நூற்றாண்டை ஒட்டிப் பிள்ளைகளுக்கு வானொலி அலைகளைப் பற்றிச் சொல்வது என்று பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர்கள் அவர்கள். பணமில்லாமல் 1927இல் நிறுத்த வேண்டி வந்தது என்பது நம் பொருளாளருக்கு மிகவும் பிடித்த வரலாற்றுச் செய்தி.

முதல் பள்ளி தோல்விதான். மேக்ஸ்வெல்லில் தொடங்கி மார்க்கோனி வரை ஐம்பது படங்களைத் திரையில் ஓட்டினேன். மூன்றாம் வரிசையில் ஒரு பையன் தூங்கியே விட்டான். பேசியவன் நான், ஆகவே யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அடுத்த பள்ளிக்குக் கேஸ் அடுப்பு லைட்டரைக் கொண்டுபோனோம். ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்தில் லைட்டரை அழுத்தினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887இல் செய்ததும் அடிப்படையில் இதுதான்: ஒரு பக்கம் பொறி, எட்டத்தில் வைத்த கம்பி வளையத்தில் அதற்குப் பதிலாக ஒரு குட்டிப் பொறி. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்போ இந்த லைட்டரும் ஒரு ஸ்டேஷனா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 1912இல் டைட்டானிக் உதவி கேட்டதும் பொறியால் இயங்கிய டிரான்ஸ்மிட்டர் வழியாகத்தான். அப்புறம் ஆளுக்கொரு லைட்டர் கேட்டார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் 1895இல் கல்கத்தாவில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார் என்றும் சொன்னோம். மணியோடு நிறுத்திக்கொள்ளும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார்.

எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் செல்போனை வைத்து மூடினால் அழைப்பு வராது என்று அடித்துச் சொன்னவர் நம் துணைத்தலைவர். போன் கணீரென்று அடித்தது. வகுப்பே சிரித்தது. மூடி ஓரத்து இடுக்கு போதும், அலை நுழைந்துவிடும். அதே போனை அலுமினியத் தாளில் இடுக்கில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றியதும் அடங்கியது. முதல் தடவையே அடங்கியிருந்தால் இடுக்கைப் பற்றிப் பேச வாய்ப்பே வந்திருக்காது.

இந்த ஆண்டு நான் நிறைவாக உணர்ந்தது கிரிஸ்டல் செட் என்ற எளிய ரேடியோவைச் செய்ததில்தான். பிவிசி குழாயில் எனாமல் கம்பிச் சுருள், ஸ்டேஷன் மாற்ற ஒரு கேங் (திருகும் மின்தேக்கி), ஒரு ஜெர்மேனியம் டையோடு, எர்த்துக்கு ஒரு கம்பி, மாடியிலிருந்து வேப்பமரம் வரை ஏரியல். பேட்டரி கிடையாது. நம் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். 3,00,000ஐ 936ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 320 மீட்டர். மூன்று கால்பந்து மைதானத்தை வரிசையாக வைத்த நீளம் என்றதும் பிள்ளைகள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். காதில் செய்தி கேட்டதும், கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தானாக வந்தது. அந்த அலையிலிருந்தேதான் என்பதை நம்பாமல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கூட வந்த ஒரு பாட்டி, ரேடியோவுக்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டிய கதையைச் சொன்னார். என் ஐம்பது படங்களைவிட அது நன்றாக எடுபட்டது.

ஒரு குறை. செல்போன் இயர்போன் இந்த செட்டுக்கு ஆகாது, மின்தடை மிகக் குறைவு. கிரிஸ்டல் இயர்போன் ஊரில் கிடைக்காமல் தபாலில் வரவழைத்தோம்; வந்ததில் பாதி ஊமை. விற்ற கடை இன்னும் பதில் போடவில்லை.

டிசம்பர் 26 அன்று, சுனாமியின் இருபதாம் ஆண்டில், போர்ட் பிளேரில் ஹாம் செட்டோடு இருந்த பாரதி பிரசாதும் குழுவினரும் தொடர்பறுந்த தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுவந்ததைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட பிறகு இரண்டு மாணவர்கள் ஹாம் உரிமத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்கள். 12 வயது நிரம்பியிருந்தால் போதும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை. மோர்ஸ் தந்திக் குறியீடு சொல்லித்தர சனிக்கிழமை மாலை ஒருவர் வேண்டும். நானே கற்றுக்கொண்டிருப்பவன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இயர்போன் செலவு வரும் இடத்தில் என்னைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கத்தின் மல்டிமீட்டர் ஜனவரியிலிருந்து யாரிடமோ இருக்கிறது. ஞாயிறு நெட்டில் சொன்னால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

73 (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து).
செயலாளர்