பெர்ரி மாத்திரையும் புக்கிட் தீமா இறக்கமும்

அன்புள்ள நண்பர் இளமாறனுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஆண்டு இறுதி நெட்டோட்டத்துக்கு (மாரத்தான்) பெயர் பதிந்துவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்த ஆசை வந்தது எனக்கு வியப்பில்லை, உங்கள் வீட்டார்தாம் பாவம். ஓடிய பின் வரும் தசைவலி குறைய பெர்ரிப் பழச் சத்து மாத்திரைகளை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் விடை சற்று நீளமானது.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அதிலிருந்து இறங்கிய மறுநாள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கினாலும், தசையை அதிகம் புண்ணாக்குவது இறக்கமே. ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தையும் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்செய்ய உடல் எழுப்பும் அழற்சியால் வலி உடனே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை எட்டுகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று உங்கள் ஓட்டக் குழுவினர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் நம்ப வேண்டாம். அது ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

பெர்ரிகளுக்கும் செர்ரிக்கும் கருஞ்சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் இந்த அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே விற்பனையாளர்களின் வாதம். அது வெறும் கற்பனையன்று. 2010இல் வெளியான ஆய்வொன்றில், லண்டன் நெட்டோட்டத்தில் ஓடிய 20 பேரில் ஒரு சாரார், ஓட்டத்துக்கு முந்தைய ஐந்து நாள்களும் ஓட்டத்தன்றும் அதன் பின் இரண்டு நாள்களும் புளிப்புச் செர்ரிச் சாறு அருந்தினர். அவர்களின் தசை வலிமை மற்றவர்களைவிட விரைவாக மீண்டது, இரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகளும் குறைந்திருந்தன. ஆனால், வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நியூசிலாந்தில் புளூபெர்ரியைக் கொண்டு நடந்த சிறிய ஆய்விலும் வலிமை விரைந்து திரும்பியதே தவிர, வலி குறையவில்லை. ஆக, நீங்கள் எதற்காகக் காசு கொடுக்க நினைக்கிறீர்களோ, அந்த வலியைப் பற்றித்தான் ஆதாரம் மெலிந்திருக்கிறது. அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டவை சாறும் பழக்கூழும். உங்கள் கைக்கு வருவதோ மாத்திரை. அதில் நிறமி எவ்வளவு என்று பல புட்டிகளின் மேலுறையில் எழுதியிருப்பதே இல்லை. சிங்கப்பூரில் இத்தகைய ஊட்டச்சத்துப் பொருள்களை விற்க முன் அனுமதி தேவையில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இன்னொன்று எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. பயிற்சியால் தசைக்கு ஏற்படும் அந்தச் சிறு நெருக்கடியே அதை வலுப்படுத்தும் தூண்டுதல்களுள் ஒன்று. ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய நெருக்கடியைத் தணிக்கும் தன்மையுள்ள வைட்டமின்களான, நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் அதனுடன் வைட்டமின் இ-யும் உட்கொண்டவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய மேம்பாடு கிடைக்காமல் போனது. பெர்ரியும் அப்படியே செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எனினும், மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும் காலம் முழுவதும் அழற்சியை அடக்கிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாதம் ஒருமுறையேனும் அதே குன்றில் அளவாக ஏறி இறங்குங்கள். ஒருமுறை இறக்கத்தில் அடிபட்ட தசை, சில வாரங்கள் கழித்து அதே வேலையைச் செய்யும்போது முன்போல் நோவதில்லை. எந்த மாத்திரையைவிடவும் இந்தப் பாதுகாப்பை நான் நம்புவேன், செலவும் இல்லை.

ஓட்ட வாரத்தில் மட்டும் சாறு அருந்திப் பார்க்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு நீரிழிவு இருப்பதால், சாற்றிலுள்ள சர்க்கரையின் அளவைப் பார்த்து, மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வாங்க நினைக்கும் புட்டியின் மேலுறையைப் படமெடுத்து அனுப்பினால் நானும் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்