முயல் வளர்ப்பவர்களுக்குப் பூனை மணல் ஏன் தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் கடையிலிருந்து எழுதுகிறோம். முயல்குட்டி வாங்கிப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வீடு முழுக்கப் போட்டு வைக்குதுங்க, பூனை மாதிரி ஒரே இடத்துல போகப் பழக்க முடியுமா?" தாராளமாக முடியும். ஆனால் அதற்கென்று நீங்கள் கேட்கும் இரண்டு பொருட்களை முயல் வளர்ப்பவர்களுக்கு இந்த மாதத்திலிருந்து விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கல்லாவில் கூட்டம் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்ல முடிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஒன்று, பூனை மலம், சிறுநீர் கழிக்கத் தட்டில் கொட்டி வைக்கும் பூனை மணல். ஈரம் பட்டதும் கட்டியாகிற களிமண் அது, பெண்டோனைட் என்பார்கள். பூனை அதைத் தோண்டி மூடிவிட்டுப் போய்விடும். முயல் எதையும் கொறித்துப் பார்க்காமல் விடாது. உள்ளே போன மண் குடலிலும் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரண்டு, மூலையில் மாட்டும் முக்கோணத் தட்டு. பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் வளர்ந்த முயல் அதில் ஏறினால் முன்னங்கால் உள்ளே, பின்பக்கம் வெளியே. அது தட்டுக்குள்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும், நனைவது உங்கள் தரை.

பாத்திரம் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப் போதும், அதை எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. முயல் உள்ளே தாராளமாகத் திரும்பிப் படுக்கும் அளவு இருக்கட்டும். ஒரு பக்கம் ஏறி இறங்கத் தாழ்வாக இருந்தால் நல்லது. அடியில் கிழித்த செய்தித்தாளைப் போட்டுத் தினமும் மாற்றலாம், அல்லது சூட்டில் உலர்த்திய மரத்தூள் வில்லைகளைப் பரப்பலாம். மரவாடியில் சும்மா கிடைக்கிறதென்று தூளை மூட்டை கட்டி வராதீர்கள். தூசி மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பைன், தேவதாரு மரத்தூள் என்றால் அந்த வாசனை எண்ணெய் ஈரலையும் பாதிக்கும்.

இனிமேல்தான் விஷயமே. டப்பின் ஒரு ஓரத்தில் காய்ந்த புல்லைக் கை நிறைய வையுங்கள். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடுகிற பிராணி. ஒரு நாளைக்கு 200, 300 என்று போடும். புல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். புல் கூண்டிலும் டப் ஹாலிலும் இருக்கிற வீட்டில் எத்தனை நாள் பழக்கினாலும் பழகாது. புல்லுக்கு எங்கும் அலைய வேண்டாம். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் பக்கம் மாலையாகத் தொங்குகிற அருகம்புல்லைக் கழுவி நிழலில் உலர்த்தினாலே நல்ல தீவனம். மருந்தடித்த வயல் வரப்பில், சாலையோரத்தில் மட்டும் பறிக்காதீர்கள். குதிரைமசால் என்கிற தீவனப் பயிர் குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர் வெள்ளையாகக் குழம்பி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் புல் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் சாக்கில் போட்டுத் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். நாற்றம் மாறிய புல்லைத் தயவுசெய்து போடாதீர்கள்.

டப்பை எங்கே வைப்பது? முயல் ஏற்கெனவே ஒரு மூலையைப் பிடித்து வைத்திருக்கும். நமக்கு வசதி பால்கனி, அதற்குப் பிடித்தது சோபாவுக்குப் பின்னால் என்றால் டப் சோபாவுக்குப் பின்னால்தான். வெளியே போன சிறுநீரைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து அந்தக் காகிதத்தை டப்பிலேயே போடுங்கள், சிதறிய புழுக்கையையும் பொறுக்கிப் போடுங்கள். கழுவும்போது பழைய புழுக்கை கொஞ்சம் மிச்சம் வையுங்கள், அந்த வாசனைதான் அதற்கு அடையாளம். முதலில் ஒரு சின்ன இடத்துக்குள் விட்டுப் பழக்கி, பிறகு வீட்டைத் திறந்துவிடுங்கள். அதட்டுவது, மூக்கைத் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். பயந்த முயல் உங்களைக் கண்டால் ஒளியும், அவ்வளவுதான். டப்பில் வெள்ளையாகப் படியும் உப்புக்கு வினிகர் ஊற்றி ஊறவிட்டால் கழன்று வரும்.

எல்லாம் செய்தும் அங்கங்கே தெளிக்கிறது என்றால் பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 4 முதல் 6 மாதத்தில் ஆண், பெண் இரண்டுமே இடம் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் வழி. செய்த பிறகும் பழக்கம் அடங்கச் சில வாரம் ஆகும். பெண் முயலுக்கு இதைக் கட்டாயம் செய்யச் சொல்கிறோம், ஏனென்றால் வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதற்கு மிகச் சாதாரணமாக வருகிறது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். நாய், பூனைபோல முதல்நாள் இரவே பட்டினி போடத் தேவையில்லை. புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

கருந்திராட்சைக் கொத்துபோல மெத்தென்று, பளபளப்பாக ஒன்று வருவதைப் பார்த்து, "வயித்துப்போக்கா?" என்று பலர் பதறிப் போன் செய்கிறார்கள். அது கழிவல்ல. முயல் அதைத் திரும்பத் தின்று சத்தெடுக்கும், விட்டுவிடுங்கள். சிறுநீர் சில நாள் ஆரஞ்சாக, சிவப்பாக வருவதும் பெரும்பாலும் தின்ற இலையின் நிறம்தான். பதற வேண்டியது வேறொன்றுக்கு: 12 மணி நேரமாக டப்பில் புழுக்கையே இல்லை, புல்லையும் தொடவில்லை என்றால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குடல் நின்றுபோயிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டப்பில் சேரும் புழுக்கையை மட்க வைக்காமலே மாடி மல்லிக்குப் போடலாம்.

முயலுக்கென்று வாங்கிய பூனை மணல் பையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பில்லோடு கொண்டு வாருங்கள், மாற்றிக் கொடுக்கிறோம். முக்கோணத் தட்டு புதிதாக இருந்தாலும் அப்படியே. பில் தொலைந்திருந்தாலும் வாருங்கள், எங்கள் பொருள் எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கடையில் உள்ளவர்கள்
மஞ்சக்குப்பம், கடலூர்