திரைக்குப் பின்னால் தொடங்கியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவி செய்தியாளர் என்றாலே முகமும் குரலும்தான் முதல் தகுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் பிறந்த டிவி செய்தியாளர் கிர்ஸ்டி வார்க் 1976-இல் பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்தில் சேர்ந்தது ஆய்வாளராகத்தான். மற்றவர்கள் பேசுவதற்குத் தகவல் திரட்டித் தரும் வேலை அது. அப்புறம் தயாரிப்பாளர், அதற்கும் பிறகே கேமரா முன் வந்தார்.

1990-இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரையே எதிரில் உட்காரவைத்து, இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே ஸ்காட்லாந்து மக்கள் தலையில் கட்டப்பட்ட தலைவரியை (ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி) பற்றி விடாமல் கேட்டார். அந்தத் துணிச்சல் ஆய்வாளர் மேசையில் ஊறியது என்றே நம்புகிறேன். 1993 முதல் 2024 வரை பிபிசி டிவியின் ‘நியூஸ்நைட்’ செய்தி நிகழ்ச்சியில் அவரைப் பார்த்தோம்.

இத்தகைய பணிப் பயணங்களை உங்கள் ஞாயிறு இணைப்பில் விரிவாக எழுதுங்கள். இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும்.

- ஒரு வாசகர், திருச்சி