அறுந்தது வயர், மாற்றியது ஈசிஎம்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்: பொக்லைன் உரிமையாளர், லத்தேரி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர், தலைமை அலுவலகம்.

பொருள்: 20 டன் செயின் பொக்லைன் – பழுதாகாத ஈசிஎம்மை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்றிப் பணம் வாங்கியது – தொகையைத் திருப்பித் தரவும் ஹார்னஸை (வயர் கட்டு) மாற்றித் தரவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். வேலூர் கிளையில் நேரில் சொல்லியாயிற்று, டோல்ஃப்ரீ நம்பரில் சொல்லியாயிற்று, வாட்ஸ்அப்பில் வீடியோவும் அனுப்பியாயிற்று. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுக்கிறார், ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. "கீ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதைத் தவிர ஒரு பதிலும் இல்லை. வேறு வழியில்லாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

காலையில் வண்டி நன்றாக ஓடும். வெயில் ஏறி இன்ஜின் ரூம் சூடான பிறகு, லோடோடு சுற்றி நிறுத்தும் அந்த உலுக்கலில் டிஸ்ப்ளேயில் இன்ஜினுடன் தொடர்பு இல்லை என்று வரும். ஆர்பிஎம் ஐடிலுக்கு இறங்கிவிடும், த்ராட்டில் டயலைத் திருப்பினாலும் ஏறாது. ஆனால் இன்ஜின் நிற்காது. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஈசிஎம் செத்திருந்தால் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரை யார் திறப்பது? இன்ஜின் ஓடுகிறது என்றால் ஈசிஎம்முக்கு 24 வோல்ட்டும் எர்த்தும் வருகிறது, அது தன் வேலையைச் செய்கிறது. டயல் சொல்வதுதான் அதன் காதுக்குப் போகவில்லை. உங்கள் வண்டி, உங்களுக்குத் தெரியாததா?

வந்த சர்வீஸ் இன்ஜினியர் லேப்டாப்பை மாட்டினார். பம்ப் கன்ட்ரோலர், டிஸ்ப்ளே இரண்டிலும் எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 என்ற கோளாறு கோட் பதிவாகியிருந்தது. 639 என்பது இந்தப் பெட்டிகளும் ஈசிஎம்மும் இரண்டு வயரில் ஒன்றோடொன்று பேசும் ஜே1939 நெட்வொர்க்கையே குறிக்கும் எண். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கைக் குறை சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது வயரை. அவர் எந்தக் கோட் எத்தனை தடவை வந்தது என்றுகூடக் குறித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "ஈசிஎம் ரெஸ்பான்ஸ் இல்ல, மாத்தணும்" என்றார். மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

எடுத்திருந்தால் கால் மணி நேர வேலை. பேட்டரி கட்ஆஃபை அணைத்துவிட்டு, லேப்டாப் மாட்டும் ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கப்ளரில், அந்த இரண்டு வயரும் வரும் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 காட்டினால் லைன் சரி. 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டர் மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு கீயை ஆன் செய்து வோல்ட் பார்த்தால் அந்த இரண்டு வயரில் கேன்-ஹை 2.5-க்குச் சற்று மேலும் கேன்-லோ சற்றுக் கீழும் இருக்க வேண்டும், இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வரும்.

பிறகு வெளியாள் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்ததில் என் வண்டியில் காலையில் 60, கோளாறு வந்த நேரத்தில் 120. அப்போதே ஈசிஎம் கப்ளரைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் அதே 120. இந்த மாடலில் அந்தப் பக்கத்து ரெசிஸ்டர் ஈசிஎம்முக்குள் இல்லை, அதைத் தாண்டித் தனிக் கப்ளராக இருக்கிறது. அப்படியென்றால் ஈசிஎம்முக்கு இதில் சம்பந்தமே இல்லை. அதற்கும் டயக்னாஸ்டிக் கப்ளருக்கும் நடுவில்தான் லைன் விட்டுப்போகிறது. மீட்டரை மாட்டியபடியே ஹார்னஸைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டு போனதில், பம்ப் ரூமிலிருந்து இன்ஜின் பக்கம் நுழையும் தகட்டருகே க்ளாம்புக்கு அடியில் முள் 60-க்கும் 120-க்கும் தாவியது. டேப்பைப் பிரித்தால் பச்சை வயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பாசி பிடித்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். கிரஷர் தூசியும் வாட்டர் வாஷ் தண்ணீரும் போய் உட்கார்ந்த இடம். சூட்டில் இழை விலகும், ஆறினால் தொட்டுக்கொள்ளும்.

புது ஈசிஎம் போட்டதும் சில நாள் ஓடியதே என்று உங்கள் கிளையில் இன்னும் வாதாடுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மாட்டியபோது ஹார்னஸ் இழுபட்டு அறுந்த இழை மறுபடி தொட்டது, அவ்வளவுதான். கல் குவாரியில் உலுக்கல் பட்டதும் பழைய கதை திரும்ப ஆரம்பித்தது.

ஸ்ரீபெரும்புதூர் கிடங்கில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. "பழைய ஈசிஎம்மைக் கொண்டு வாங்க, டெஸ்ட் பண்ணித் தர்றோம்" என்று கூப்பிட்டது நீங்கள்தான். வாலாஜா டோல் கட்டி, வேலையை விட்டு வந்தால் கேட்டிலேயே நிற்க வைத்தார்கள். மதியத்துக்கு மேல் வந்த வாரண்டி அதிகாரி, "இங்க டெஸ்ட் பெஞ்ச் கிடையாது, ஜாப் கார்டும் க்ளோஸ் ஆயிடுச்சு" என்றார். ஓம் கணக்கைச் சொன்னதற்கு, "மீட்டர் வெச்சிப் பாக்கறதெல்லாம் வீட்டு வயரிங்குக்குய்யா. வண்டி ஓட்டறவன் வண்டிய மட்டும் ஓட்டு" என்று செக்யூரிட்டி முன்னால் ஒருமையில் பேசினார். லட்சக்கணக்கில் பணம் கட்டியவனிடம் பேசுகிற பேச்சா ஐயா இது? தங்கள் சர்வீஸ் மேனுவலிலேயே ஓம் பார்க்கச் சொல்லியிருக்குமே, அதை அவர் படித்ததில்லையா?

வண்டி நின்ற நாட்களின் வாடகை போயிற்று, குவாரிக்காரர் வேறு வண்டியை இறக்கிவிட்டார், இஎம்ஐ மட்டும் நிற்கவில்லை. இருபது வருஷமாகச் சேர்த்த பெயரும் இதோடு போயிற்று. ஒரு சாண் வயருக்காக என் பிழைப்பே நாசமாகிவிட்டது.

ஆகவே அன்போடு கேட்கிறேன். ஈசிஎம்முக்கும் கூலிக்கும் வாங்கிய முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பம்ப் ரூம் – இன்ஜின் ஹார்னஸை முழுசாக மாற்றித் தாருங்கள். இப்போது அந்த இடத்தை வெட்டி, க்ரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இரண்டு வயரின் முறுக்கும் கெடாமல் கட்டியிருக்கிறது. இது தற்காலிகம்தான். "வெளியாள் கை வைத்ததால் வாரண்டி இல்லை" என்று கிளையில் சொல்வதை எழுத்தில் கொடுங்கள் பார்க்கலாம். உங்கள் ஆள் பார்க்காமல் விட்டதைத்தான் வெளியாள் பார்த்தார்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சொந்தமாக ஓட்டிப் பிழைக்க வாங்கிய ஒரே வண்டி இது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நானும் நுகர்வோர்தான். பழைய ஈசிஎம் என்னிடமே பத்திரமாக இருக்கிறது, அதை ஆணையத்தின் முன்னால் வேறு வண்டியில் மாட்டி ஓட்டிக்காட்டவும் தயார். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை, தாங்கள் தலையிட்டு முடித்துவைத்தால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

பி.கு.: இதே மாடல் ஓடும் மற்றவர்களுக்காவது, அடுத்த சர்வீஸில் அந்தத் தகட்டருகே க்ளாம்பைக் கழற்றி வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். க்ளாம்பின் ரப்பர் தேய்ந்திருந்தால் புதிது போட்டு, ஹார்னஸுக்கு மேல் ஒரு ஸ்லீவ் மாட்டினால் போதும்.